கைடு சொல்லும் சாஃப்ட்வேரில்தான் தீசிஸ் எழுத வேண்டுமா?

கேள்வி: ஐயா, சென்னையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாக மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். காசிமேடு, ராயபுரம் பகுதி மீனவக் குடும்பங்களின் கடன் பற்றிய ஆய்வு. 412 வீடுகளில் கேள்வித்தாள் வேலை முடிந்துவிட்டது. கணக்கெல்லாம் ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மொழியில் போட்டிருக்கிறேன். இரண்டு அத்தியாயம் லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு சாஃப்ட்வேரில் எழுதியாகிவிட்டது. கைடு பார்த்துவிட்டு, “இதெல்லாம் வேண்டாம். வேர்டுல எழுது, எஸ்.பி.எஸ்.எஸ்.ல போடு. என்கிட்ட முடிச்ச எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க” என்கிறார். எஸ்.பி.எஸ்.எஸ். காசு கொடுத்து வாங்க வேண்டிய புள்ளியியல் சாஃப்ட்வேர், கல்லூரியில் அதற்கு லைசென்ஸ் இல்லை. அதைச் சொன்னால், “சீனியர் பென்டிரைவ்ல வெச்சிருப்பா, வாங்கிக்கோ” என்கிறார். என் லேப்டாப்பில் விண்டோஸே கிடையாது, உபுண்டுதான். நான் என்ன சாஃப்ட்வேர் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா? அப்படியே ஆர்-ஐத் தீசிஸில் எப்படிக் குறிப்பிடுவது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.
— பெயர் வேண்டாம், குரோம்பேட்டை

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், உள்ளே மூன்று தகராறு இருக்கிறது. எதில் எழுதுவது, எதில் கணக்குப் போடுவது, லைசென்ஸ் இல்லாத சரக்கை எங்கிருந்து கொண்டுவருவது. மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. வேர்டு விஷயத்தில் நான் உங்கள் கைடு பக்கம். ஆர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் இன்னும் செய்யாத ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பென்டிரைவ் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. வாங்காதீர்கள்.

உரிமை பற்றிக் கேட்டதால் அதைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்களின் தீசிஸ் விதிகள் பெரும்பாலும் எழுத்துரு, எழுத்தளவு, ஓரம், வரி இடைவெளி, சான்றிதழ்ப் பக்கத்தின் வாசகம் இவற்றோடு நின்றுவிடும். கடைசியில், இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறுவது ஒரு பி.டி.எஃப். அது வேர்டில் பிறந்ததா, லேடெக்ஸில் பிறந்ததா என்று யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. ஆனால் அதே தீசிஸின் முன்பக்கங்களில், ‘இது என் மேற்பார்வையில் நடந்த அசல் ஆய்வு’ என்று கையெழுத்துப் போடுபவர் உங்கள் கைடு. வைவாவில் ஒரு டேபிள் தப்பு என்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எழுந்து நின்றால், உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெளியப் போகிறவரும் அவர்தான். ஆகவே அத்தியாயம் தான் படித்துத் திருத்த முடிகிற வடிவத்தில் வர வேண்டும், கணக்கு தான் சரிபார்க்க முடிகிற விதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்கு மேல் உங்கள் மேஜையில் எந்தப் புரோகிராம் திறந்திருக்கிறது என்பதில் அவருக்கு வேலையில்லை.

நம்மூர் வழக்கத்தில் எந்தக் கைடும் “எனக்கு ஆர் தெரியாது, நீ போட்ட கணக்கை நான் எப்படிப் பார்ப்பது?” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். “எஸ்.பி.எஸ்.எஸ்.ல போடு” என்றுதான் சொல்வார். கேட்கிற மாணவிக்கு அது அதிகாரமாகப் படும். முக்கால்வாசி இடங்களில் அது பயம்தான். இருபது வருஷம் மாணவர்களைக் கரையேற்றியவர், வைவாவில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிக்க விரும்பமாட்டார். அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால் உத்தரவும் தானாகத் தளரும்.

முதலில் எழுத்து வேலை. லேடெக்ஸ் விசுவாசிகள் கோபித்தாலும் சொல்கிறேன். தன் புத்தகத்தின் அச்சுப்பிரதியைப் பார்த்து மனம் நொந்துபோன கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1977-இல் தொடங்கிய அச்சுக்கோப்பு வேலை டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக்ஸ். பக்கத்துக்குப் பத்துச் சமன்பாடு வருகிற ஆய்வுக்கு அதைவிட நல்ல கருவி இன்றுவரை இல்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்திலோ சிறுசேரியில் கணிதக் கழகத்திலோ ஒரு கைடு “லேடெக்ஸில்தான் கொடுக்க வேண்டும்” என்று சொன்னால் நான் அந்தக் கைடு பக்கம் நிற்பேன், ஏனென்றால் அந்தத் துறையின் பத்திரிகைகள் எதிர்பார்ப்பதும் அதுதான். உங்கள் தீசிஸில் எத்தனை சமன்பாடு வரும்? நாலைந்து ரிக்ரஷன் மாடல், மிஞ்சினால் ஒரு லாஜிட். மற்றதெல்லாம் உரைநடை, டேபிள், வரைபடம்.

2014-இல் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 40 பேரை உட்காரவைத்து, ஒரே பக்கத்தை வேர்டிலும் லேடெக்ஸிலும் பார்த்து அடிக்கச் சொல்லி ‘பிளாஸ் ஒன்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். வெறும் உரைநடையிலும் டேபிளிலும் வேர்டுக்காரர்கள் அதிகம் அடித்தார்கள், தப்பும் குறைவு. சமன்பாடு நிறைந்த பக்கத்தில் மட்டும் லேடெக்ஸ்காரர்கள் முந்தினார்கள். அரை மணி நேரம் பார்த்து அடிப்பதும் மூன்று வருஷம் தீசிஸ் எழுதுவதும் ஒன்றா என்று அப்போதே சண்டை வந்தது. அந்தச் சண்டையில் நியாயம் உண்டு. முந்நூறு பக்க ஆவணத்தில் அத்தியாய எண்ணும் டேபிள் எண்ணும் தானாக ஒழுங்காக வருவது லேடெக்ஸின் பெரிய வசதி. (அந்த ஆய்விலேயே வேடிக்கையான ஒரு விஷயம், வேலையை ரசித்துச் செய்ததாகச் சொன்னவர்கள் லேடெக்ஸ்காரர்கள்தான்.) ஆனாலும் உங்கள் வகைத் தீசிஸுக்கு, வேர்டு வடிவில் எழுதுவதால் ஆய்வின் தரம் ஒரு மாற்றுக்கூடக் குறையாது. இது விட்டுக்கொடுக்கக்கூடிய இடம்.

விட்டுக்கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் கைடு எப்படித் திருத்துகிறவர்? பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவால் சுழிக்கிறவராக இருந்தால், நீங்கள் எதில் எழுதினாலும் அவருக்கு ஒன்றுதான். இரட்டை வரி இடைவெளியில், ஓரத்தில் நிறைய இடம் விட்டுப் பிரிண்ட் கொடுங்கள், சண்டை அங்கேயே முடிந்துவிடும். திரையில் டிராக் சேஞ்சஸ் போட்டு, ஓரத்தில் கமெண்ட் எழுதி, பஸ்ஸில் போகும்போது மொபைலில் திறந்து பார்க்கிறவர் என்றால் அவருக்கு வேர்டு கோப்புதான் வேண்டும், வேறு எதைக் கொடுத்தாலும் உங்கள் அத்தியாயம் அவர் மெயிலில் தூங்கும். மூன்றாம் ஆண்டில் உங்களுக்கு வேண்டியது அவருடைய வாசிப்பு.

உபுண்டுவை மாற்ற வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபீஸில் எழுதி வேர்டு கோப்பாகச் சேமித்தால் போதும், அவர் போட்ட திருத்தங்களும் கமெண்டுகளும் உங்களிடம் அப்படியே தெரியும். சான்றிதழ்ப் பக்கம் போன்றவற்றை மட்டும் கடைசியில் ஒருமுறை உண்மையான வேர்டில் திறந்து சரிபாருங்கள். ஏற்கெனவே எழுதிய இரண்டு அத்தியாயங்களை பான்டாக் என்ற இலவசப் புரோகிராம் வேர்டு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். உரைநடை சுத்தமாக வரும். சிக்கலான டேபிள்களும், ‘டேபிள் 3.2-ஐப் பார்க்க’ என்பது போன்ற குறுக்குக் குறிப்புகளும் கலைந்துபோகும், அவற்றைக் கையால்தான் ஒட்ட வேண்டும். அவர் கேட்கும்போதெல்லாம் லேடெக்ஸிலிருந்து வேர்டுக்கும் வேர்டிலிருந்து லேடெக்ஸுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பேன் என்று மட்டும் இறங்காதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இரண்டு பிரதி, எது கடைசிப் பிரதி என்று உங்களுக்கே தெரியாத நிலை வரும். தலைப்புகளுக்கு முறையாக ஸ்டைல் வைத்து எழுதுங்கள், பொருளடக்கம் தானாக வரும். துணைநூற்பட்டியலுக்கு சோட்டேரோ இருக்கவே இருக்கிறது, அது லிப்ரே ஆஃபீஸோடும் வேர்டோடும் ஒட்டிக்கொள்ளும்.

வேர்டு என்று முடிவானதும் சிலர் செய்கிற ஒரு காரியம் உண்டு, அதைப் பற்றி எச்சரிக்கை. உங்கள் தமிழ்க் கேள்வித்தாள் பின்னிணைப்பில் வரும். காசிமேட்டுப் பெண்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே மேற்கோளாகத் தருவீர்கள் என்றும் நினைக்கிறேன், தர வேண்டும். அந்தத் தமிழ்ப் பக்கங்களை மட்டும் திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்து வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடைக்காரர் பாமினியிலோ வேறொரு பழைய எழுத்துருவிலோ அடித்துக் கொடுத்தால், பிரிண்டில் அழகாகத்தான் இருக்கும். பி.டி.எஃப்.-இலிருந்து நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். சோத்கங்காவில் ‘வட்டி’ என்று யாராவது தேடினால் உங்கள் பக்கம் கிடைக்காது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழ் எழுத்துருக்களுக்கு டாம், டாப் என்று அரசுத் தரம் வந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது. இத்தனைக்குப் பிறகும் தமிழ்த் துறைகளிலேயே பழைய எழுத்துருவில் கிடக்கும் தீசிஸ்கள் உண்டு. சாஃப்ட்வேர் பற்றி ஒரு கைடு கறாராகக் கட்டளை போடலாம் என்று நான் நினைக்கிற இடம் இதுதான்: தமிழ் என்றால் யூனிகோடு, வேறு பேச்சில்லை. இதை உங்கள் கைடு சொல்லவில்லை என்றால் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. இங்கே நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆர்தான் உசத்தி, எஸ்.பி.எஸ்.எஸ். மட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. எஸ்.பி.எஸ்.எஸ். 1968-லிருந்து இருக்கிறது, சமூக அறிவியலில் அதை வைத்து உருப்படியான வேலை ஏராளமாக நடந்திருக்கிறது. 412 வீட்டுக் கணக்கை முடித்துவிட்டு, வேலை செய்கிற ஒரு கருவியை விட்டு லைசென்ஸே இல்லாத இன்னொன்றுக்குத் தாவுவதில் ஆய்வுக்கு லாபம் எதுவும் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் “ஆரில் போட்டேன், சரியாக வந்தது” என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் பழைய மாணவி யாரையாவது கூப்பிட்டு, உங்கள் டேட்டாவை எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ஓட்டிப் பார்க்கச் சொல்லக்கூடும். எண் மாறி வந்தால் உங்கள் கதை கந்தல். அதுவும் எண் மாறி வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல்.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பாருங்கள். எட்டுக் குடும்பங்களின் கடன், ஆயிரத்தில்: 10, 20, 30, 40, 50, 60, 80, 100. முதல் கால்மானம் எவ்வளவு? ஆரில் சும்மா கேட்டால் 27,500 ரூபாய் என்று சொல்லும். எஸ்.பி.எஸ்.எஸ். 22,500 என்று சொல்லும். இரண்டுமே சரி. வரிசையில் கால்பங்கு இடம் எங்கே விழுகிறது என்பதைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. ஆர் இயல்பாக எடுப்பது ஏழாவது வகை, எஸ்.பி.எஸ்.எஸ். எடுப்பது ஆறாவது வகை. ஆரில் ‘டைப் 6’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் அதுவும் 22,500 என்றே சொல்லிவிடும். 412 வீடு என்று வரும்போது வித்தியாசம் சிறுத்துப்போகும், ஆனால் கடன் தொகை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்த டேட்டாவில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிஞ்சலாம். எக்ஸாமினர் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகளை வைத்துக் குழுச் சராசரிகளை ஒப்பிடும் அனோவா போட்டிருந்தால் அதிலும் இதே கதை. குழுக்களின் அளவு சமமாக இல்லாதபோது, ஆரின் சாதாரணக் கட்டளை முதல் வகை வர்க்கக்கூடுதலை எடுக்கும், எஸ்.பி.எஸ்.எஸ். மூன்றாம் வகையை எடுக்கும். ராயபுரம் வீடும் காசிமேட்டு வீடும் சம எண்ணிக்கையில் இருக்கப் போவதில்லை. சாதாரண ரிக்ரஷனில் இந்தத் தொல்லை இல்லை, கெழுக்கள் தசமத்துக்குத் தசமம் ஒத்துப்போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து 99. பதில் சொல்லாத வீட்டுக்கு 99 என்று குறியீடு போடுவது நம் சர்வே வழக்கம். நீங்களும் போட்டிருப்பீர்கள். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் அந்த 99-ஐ ‘விடுபட்டது’ என்று ஒரு கட்டத்தில் அறிவித்துவிட்டால், சராசரி எடுக்கும்போது அது சத்தமில்லாமல் விலக்கிவிடும். அதே டேட்டாவை எக்செல் வழியாக ஆருக்குக் கொண்டுவந்தால் அந்த அறிவிப்பு வழியிலேயே விழுந்துவிடும், 99 வெறும் எண்ணாக வந்து உட்காரும். மாத வட்டி என்ன என்ற கேள்விக்கு 412-இல் 12 வீடு பதில் சொல்லவில்லை, மற்ற 400 வீட்டின் சராசரி 3 வட்டி என்று வையுங்கள். 99-ஐச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரி 5.8 வட்டி என்று வரும். காசிமேட்டில் அது நம்பக்கூடிய எண் என்பதுதான் கொடுமை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நீங்கள் அதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதிவிடுவீர்கள். நேர்மாறாக, விடுபட்டதை ஆரின் முறைப்படி என்.ஏ. என்று குறித்திருந்தால், சராசரி கேட்டதும் அது எண்ணே தராமல் என்.ஏ. என்று திருப்பிக் கொடுக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் விடுபட்டவர்களை என்ன செய்வது என்று நீங்கள் வாய்திறந்து சொல்லும்வரை அது நகராது என்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு.

நான் ஆரம்பத்தில் சொன்ன பாக்கி வேலை இதுதான். தீசிஸின் முதுகெலும்பான மூன்று நான்கு டேபிள்களை எடுத்து, எஸ்.பி.எஸ்.எஸ்.-காரர் ஒருவர் பார்த்தால் ஒத்துக்கொள்ளும்படி சரிபார்த்து வைப்பது. எஸ்.பி.எஸ்.எஸ். வாங்க வேண்டாம். க்னூ திட்டத்தின் பி.எஸ்.பி.பி. உபுண்டுவில் இலவசமாக இறங்கும். திரையும் மெனுவும் பார்க்க எஸ்.பி.எஸ்.எஸ். போலவே இருக்கும், அதன் கோப்பைத் திறக்கும். அலைவெண் அட்டவணை, குறுக்கு அட்டவணை, ரிக்ரஷன் இவற்றை அதில் ஒருமுறை ஓட்டி, ஆரின் விடையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிண்ட் எடுங்கள். தவிர, ஆரில் ‘ஹேவன்’ என்ற தொகுப்பு உங்கள் டேட்டாவை மாறிகளின் பெயர்விளக்கத்தோடு எஸ்.பி.எஸ்.எஸ். கோப்பாகவே எழுதிக் கொடுக்கும். கைடிடமோ துறையில் வேறு யாரிடமோ முறையான லைசென்ஸ் இருந்தால் அவர்களே திறந்து ஓட்டிப் பார்க்கட்டும்.

கடன் பற்றி ஆய்வு செய்கிறவர் என்பதால் உங்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஹார்வர்டு பொருளாதார நிபுணர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் ஜி.டி.பி.யில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. ஐரோப்பாவில் சிக்கன நடவடிக்கைக்கு வாதாடியவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார், வரவில்லை. கட்டுரையாசிரியர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கினார். சராசரி எடுக்கும் கட்டத்தில் வரிசை முழுதாகத் தேர்வாகாமல் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன. சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் அதைவிடப் பெரிய பிரச்சினைகள். எல்லாவற்றையும் திருத்தியபோது வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. எக்செல்லைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கோப்பைக் கேட்டதும் அவர்கள் கொடுத்ததால்தான் தப்பு வெளியே வந்தது. ஆரில் உங்களுக்கு இருக்கிற நிஜமான வலு அதுதான். டேட்டாவைத் திறந்தது முதல் கடைசி டேபிள் வரை செய்த ஒவ்வொரு காரியமும் ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பில் வரிசையாக இருக்கிறது, இன்னொருவர் ஓட்டிப் பார்க்கலாம். எஸ்.பி.எஸ்.எஸ்.-இலும் கட்டளைகளைச் சின்டாக்ஸ் என்று சேமிக்கிற வசதி உண்டு, நம்மூரில் மெனுவைக் கிளிக் செய்து டேபிளை நகல் எடுத்து வேர்டில் ஒட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கைடிடம் “ஆர் நவீனமானது” என்று வாதாடாதீர்கள். “நீங்க எந்த எண்ணைக் கேட்டாலும் எங்கிருந்து வந்ததுன்னு காட்டறேன் சார்” என்று சொல்லுங்கள்.

பென்டிரைவ். ஒரு காலத்தில் ரிச்சி தெருவில் சி.டி.யாக விற்றது இப்போது பென்டிரைவில் கைமாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினிப் புரோகிராமைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிஎச்.டி. மாணவியைத் தேடி போலீஸ் வரப்போவதில்லை என்று நீங்கள் நினைக்கலாம், வராதுதான். ஆனால் முறையியல் அத்தியாயத்தில் ‘இன்ன சாஃப்ட்வேர், இன்ன வெர்ஷன்’ என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறீர்கள், அது சோத்கங்காவில் உலகம் பார்க்கக் கிடக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த லேப்டாப்பில் 412 வீட்டார் யாரிடம் எவ்வளவு வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பது இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கியிருப்பீர்கள். எங்கிருந்தோ வந்த கிராக் புரோகிராமை அதே மெஷினில் ஓடவிடுவது அவர்களுக்குச் செய்கிற துரோகம். கைடிடம் சட்டம் பேசினால் அவரைத் திருடர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். “லைசென்ஸ் வெர்ஷன் நம்பர் தீசிஸ்ல எழுதணும் சார், நம்ம காலேஜ் பேர்ல எதுவும் இல்லையே” என்றால் போதும், அவருக்கே புரியும்.

கைடு சொன்னதே முடிவு என்கிற இடங்களும் உண்டு. பொறியியல் துறையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே சிமுலேஷன் கோடில் வேலை செய்கிற லேப், மருத்துவமனை சர்வரை விட்டு டேட்டா வெளியே வரக்கூடாத ஆய்வு, இரண்டு வருஷத்தில் நீங்கள் போன பிறகு அடுத்த மாணவர் தொடர வேண்டிய புராஜெக்ட். அங்கெல்லாம் ஒருவர் தனக்குப் பிடித்த கருவியோடு தனியாகப் போனால் மற்ற நால்வர் தவிப்பார்கள். உங்களுடையது அப்படியல்ல. டேட்டா உங்களுடையது, ஆய்வு தனி ஆய்வு.

பேசப்போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு அத்தியாயத்தை வேர்டு வடிவில் அவருக்கு முதல்நாளே அனுப்பிவிடுங்கள். மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்த டேபிள் பிரிண்டோடு போய், “சார், நீங்க சொன்ன மாதிரி இனிமே எல்லாம் வேர்டுலயே கொடுக்கறேன். கணக்கை மட்டும் எஸ்.பி.எஸ்.எஸ். ஃபார்மேட்லயே செக் பண்ணிப் பார்த்தேன், ரெண்டும் ஒத்துப்போகுது. டேபிளும் நீங்க பழகின லேஅவுட்ல வெச்சிருக்கேன். ஆர்லயே முடிச்சுக்கட்டுமா?” என்று கேளுங்கள். ஒன்றில் அவர் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் இன்னொன்றைக் கேட்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அறையில் வேறு மாணவர்கள் இருக்கும்போது கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்ள எந்தப் பேராசிரியருக்கும் மனசு வராது.

அப்படியும் முடியாது என்றால்? யு.ஜி.சி.யின் 2022 விதிகள்படி, ஆய்வு வடிவமைப்புக்கும் முறையியலுக்கும் வழிகாட்ட ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு, நம்மூரில் பலரும் டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்று சொல்வது அந்த மாதிரிக் குழுவைத்தான். ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன்னால் முன்னேற்றம் சொல்ல வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டுபவரே உங்கள் கைடுதான் என்பதை மறந்துவிட வேண்டாம், ஆகவே அது புகார் சொல்கிற இடமில்லை. ஆனால் உங்கள் முன்னேற்ற அறிக்கையில் ‘பகுப்பாய்வு ஆர் மொழியில் செய்யப்பட்டது, முக்கிய அட்டவணைகள் பி.எஸ்.பி.பி.யில் சரிபார்க்கப்பட்டன’ என்று ஒரு வரி எழுதி, கைடு பார்த்த பிறகே சமர்ப்பியுங்கள். குழு உறுப்பினர்கள் அதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் கடந்துபோனால், பிறகு அதுவே அனுமதி. அவர்களில் ஒருவருக்கு ஆர் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, கைடின் பயத்தில் பாதியை அவர் வாங்கிக்கொள்வார்.

ஆர்-ஐக் குறிப்பிடுவது சுலபம். ஆரைத் திறந்து ‘சைட்டேஷன்’ கட்டளையைக் கொடுத்தால், துணைநூற்பட்டியலில் போட வேண்டிய வாசகத்தை அதுவே எழுதிக் காட்டும். அடைப்புக்குள் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் அந்தத் தொகுப்புக்கான வாசகமும் வரும். ஹேவன் உட்பட நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொன்றையும் போடுங்கள். முறையியல் அத்தியாயத்தில் ஆரின் வெர்ஷன் எண்ணும், கால்மானத்துக்கு எந்த வகைச் சூத்திரம் எடுத்தீர்கள் என்பதும், 99-ஐ எப்படிக் கையாண்டீர்கள் என்பதும் ஒரே பத்தியில் வரட்டும். ஸ்கிரிப்டைப் பின்னிணைப்பில் சேர்க்கலாம், ஆனால் வீட்டு எண்ணோ ஆள் பெயரோ அதில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சேருங்கள்.